சும்மா கிடக்கும் நிலம்

தமிழில் 'சும்மா' என்பது வியப்புக்குரிய சொல். வேலையின்றி இருப்பதை அது குறிக்கும். விலையின்றிப் பெறுவதைக் குறிக்கும். காரணமின்றி ஒருவர் இல்லத்திற்கு மற்றவர் சென்று வருவதையும் குறிக்கும். "சும்மாதான் வந்தேன்" என்று சொல்லி வாசலில் நிற்பவரிடம் காணும் அன்பு, அலுவல் நிமித்தமாக வருபவரிடம் இருப்பதில்லை. நம் நாட்டு ஞானியர் சும்மா இருப்பதையே பெரும் சுகமாகக் கண்டனர். ஆனால் நிலத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் இச்சொல் குற்றச்சாட்டாக மாறிவிடுகிறது. "அந்த இடம் சும்மா கிடக்குது" என்று ஒருவர் சொன்னால், அங்கே விரைவில் செங்கல் வந்து இறங்கும் என்று பொருள்.

பொது நிலங்களுக்கு நம் முன்னோர் எத்தனை பெயர்களை வைத்திருந்தனர்! மன்றம், பொதியில், மந்தை, களம், மேய்ச்சல் நிலம், புறம்போக்கு என அவை நீளும். இவற்றுள் 'புறம்போக்கு' என்பது தனியார்க்கு உரியதாகாமல், வரிக்கு உட்படாமல், ஊர்ப் பயனுக்கென விடப்பட்ட நிலத்தைக் குறித்த நேரிய சொல். இன்று அதுவே தெருச் சண்டைகளில் வசைச்சொல்லாகப் பயன்படுகிறது. யாருக்கும் தனியாகச் சொந்தமில்லாதது எதற்கும் உதவாதது என்ற எண்ணம் நம் மொழிக்குள்ளேயே புகுந்துவிட்டது. இதனை நாம் ஒரு நகரத்துப் பூங்காவுக்குச் சென்று வந்தபின்தான் தெளிவாக உணர்ந்தோம். அந்தப் பயணத்தைப் பற்றிச் சொல்லுமுன், நம் பங்கிலே சும்மா கிடக்கும் ஒரு நிலத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

நமது பங்கு, சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப் பாதையை ஒட்டிய ஒரு சிற்றூர். ஆலயத்தின் தெற்கே ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர் பரப்பில் ஒரு திடல் உண்டு. நான்கு வேப்பமரங்கள், இரண்டு மூங்கில் கம்பங்களுக்கிடையே தொய்ந்து தொங்கும் கைப்பந்து வலை, மழை பெய்தால் நீர் தேங்கும் ஒரு பள்ளம் ஆகியவை தவிர அங்கே வேறொன்றும் இல்லை. காலையில் முதியோர் நடப்பர். நண்பகலில் ஆடுகள் படுத்திருக்கும். மாலை ஐந்து மணிக்குப் பின் பிள்ளைகள் நிறைந்துவிடுவர். கத்தோலிக்கர், இந்துக்கள், இசுலாமியர் என்ற கணக்கை அங்கே யாரும் எடுப்பதில்லை. அதனினும் பெரிது ஒன்று உண்டு. எமது ஊரில் ஊர்த்தெரு என்றும் காலனி என்றும் இரு பகுதிகள் உள்ளன. கல்லறைத் தோட்டத்தில்கூட அந்தக் கோடு முழுவதும் அழிந்துவிடவில்லை. ஆனால் இத்திடலில் காலனிப் பையன் வீசும் பந்தை ஊர்த்தெருப் பையன் அடிக்கிறான். இவன் ஓடி எடுத்துவரும் பந்தை அவன் வாங்கிக்கொள்கிறான். கபடியில் ஒருவன் காலை மற்றவன் பிடிக்கிறான். நாம் பல ஆண்டுகள் மறையுரையில் சொல்லியும் நிகழாதது அங்கே மாலைதோறும் யாரும் சொல்லாமல் நிகழ்கிறது.

இத்திடலில் ஒரு சமூகக்கூடம் கட்ட வேண்டும் என்று நமது பங்குப் பேரவை சில மாதங்களுக்கு முன் கோரிக்கை வைத்தது. அதைக் கொணர்ந்தவர் தன்னலம் கருதாத பெரியவர். ஆலயத்திற்காக நாற்பது ஆண்டுகள் உழைத்தவர். "சாமி, நம்ம சனங்க கல்யாணத்துக்கு மண்டபம் எடுக்க டவுனுக்குப் போறாங்க. ஒரு நாள் வாடகைக்கு வாங்குன கடனை மூணு வருசம் அடைக்கிறாங்க. இடம் சும்மாதானே கிடக்குது?" என்றார். அவர் சொன்னது உண்மை. அவருடைய மகளின் திருமணக் கடனை நாமே அறிவோம். வெளிநாட்டில் பணிபுரியும் ஒரு பங்கு மக்கள் குடும்பத்தினர் செலவில் பாதியை ஏற்க முன்வந்துள்ளனர். வாடகை வருவாயைக் கொண்டு கைம்பெண்களுக்கு உதவித்தொகை வழங்கலாம் என்றும் திட்டம் தீட்டப்பட்டது. நமது கருத்தை எழுத்து வடிவில் அனுப்புமாறு ஆயர் இல்லத்திலிருந்து மடலும் வந்துவிட்டது.

இந்நிலையில்தான் சென்னைப் பயணம் வாய்த்தது. பள்ளி மாணவருக்கான தடகளப் போட்டி ஒன்று நேரு விளையாட்டரங்கில் நடைபெற்றது. நம் பங்கைச் சேர்ந்த ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி 800 மீட்டர் ஓட்டத்தில் கலந்துகொண்டாள். அவளை உற்சாகப்படுத்தப் பதினொரு பிள்ளைகள் புறப்பட்டனர். உடற்கல்வி ஆசிரியருக்குத் துணையாக நாமும் சென்றோம்.

புறநகர் இரயில் நம்மை இறக்கிவிட்ட இடத்தின் பெயர் மூர் மார்க்கெட் வளாகம். அருகிலுள்ள நிறுத்தங்களுக்குப் 'பார்க்' என்றும் 'பூங்கா நகர்' என்றும் பெயர். "ஃபாதர், பார்க் எங்க இருக்கு?" என்று ஒரு சிறுவன் கேட்டான். "நீ நிற்கும் இடம்தான்" என்றோம். நடைமேடையையும் பயணச்சீட்டு வரிசையையும் பார்த்துவிட்டு, நாம் வேடிக்கை பேசுவதாக எண்ணிப் பிள்ளைகள் சிரித்தனர்.

நாம் வேடிக்கையாகச் சொல்லவில்லை. 1859-ஆம் ஆண்டில் சென்னை மாநிலத்தின் ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவிலியன், கறுப்பர் நகரம் என்று அந்நாளில் அழைக்கப்பட்ட நெரிசலான பகுதியின் மேற்குப் புறத்தில், பொதுமக்களுக்கென ஒரு பெரும் பூங்காவை அமைக்க முனைந்தார். 116 ஏக்கர் பரப்பு. குளங்கள், நிழற்சாலைகள், இசைக்குழு வாசிக்க ஒரு மேடை. எட்வர்ட் பால்ஃபர் 1855-இல் எழும்பூர் அருங்காட்சியகத்தில் தொடங்கிய விலங்குக் காட்சிச்சாலையும் பின்னர் இங்கே கொண்டுவரப்பட்டது. 'பீப்பிள்ஸ் பார்க்', அதாவது மக்கள் பூங்கா என்று அதற்குப் பெயர். பார்க் டவுன் எனும் பகுதியே அப்பூங்காவினால் பெயர் பெற்றது.

அந்தப் பூங்காவின் ஒரு பகுதியில் 1900-இல் மூர் மார்க்கெட் எழுந்தது. பழைய புத்தகங்களுக்காக அங்கே அலைந்த தலைமுறையைச் சேர்ந்தோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். 1985-இல் அது தீக்கிரையானது. அவ்விடத்தில் புறநகர் இரயில் முனையம் வந்தது. வணிகர்களுக்கு மாற்றிடமாக அருகில் ஒரு வளாகம் கட்டப்பட்டது. அதன் பெயர் அல்லிக்குளம். குளத்தின் பெயர் கட்டடத்திற்கு நிலைத்தது, குளம் நிலைக்கவில்லை. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் சில அடிகள் நடந்தால், 1880-களில் அரசி விக்டோரியாவின் பெயரால் எழுந்த செங்கல் மண்டபம். அதற்கு அடுத்து, 1913-இல் திறக்கப்பட்ட வெண்ணிற ரிப்பன் மாளிகை, மாநகராட்சியின் தலைமையகம். இவையெல்லாம் பழைய பூங்காவின் நிலமே. விலங்குக் காட்சிச்சாலை 1985-இல் வண்டலூருக்குச் சென்றுவிட்டது. நாம் தேடிச் சென்ற விளையாட்டரங்கும் அதே நிலத்தில்தான் நிற்கிறது.

நடந்துகொண்டே இவற்றைச் சொல்லி வந்தோம். பிள்ளைகள் இடையிடையே கேட்டனர்; இடையிடையே வேர்க்கடலை வாங்கித் தின்றனர். ரிப்பன் மாளிகையின் மணிக்கூண்டைப் பார்த்தபடி ஒரு சிறுமி, "அப்ப இந்தப் பார்க்க யார் ஃபாதர் எடுத்துக்கிட்டாங்க?" என்று கேட்டாள்.

நாம் மறுமொழி சொல்லச் சற்று நேரமாயிற்று. ஏனெனில் திருடன் என்று சுட்டிக்காட்ட அங்கே யாரும் இல்லை. மக்கள் கூடிப் பேச ஒரு மண்டபம் வேண்டியிருந்தது; அது நல்ல தேவை. நகருக்கு ஒழுங்கான சந்தை வேண்டியிருந்தது, அதுவும் நல்லதே. நகராட்சி நடத்த அலுவலகம் வேண்டும். ஆயிரமாயிரம் தொழிலாளர் வந்துசெல்ல இரயில் முனையம் வேண்டும். அது இல்லையேல் அன்று நாமே வந்திருக்க முடியாது. இளைஞர்க்கு விளையாட்டரங்கம் வேண்டும். ஒவ்வொன்றும் தகுந்த காரணத்தோடு வந்தது. ஒவ்வொன்றும் பெரிய பூங்காவிலிருந்து ஒரு சிறு துண்டைத்தான் கேட்டது. கேட்டவர்களிடம் வரைபடமும் கணக்கும் மக்கள் நலன் என்ற வாதமும் இருந்தன. சும்மா கிடந்த நிலத்திற்குச் சார்பாக எடுத்துச் சொல்ல அத்தகைய கணக்கு இருக்கவில்லை. தீய நோக்கத்தால் பறிக்கப்படும் நிலத்தை ஒருவேளை போராடி மீட்கலாம். நல்ல நோக்கங்களால் கரையும் நிலத்தைக் காப்பது அரிது.

"நல்லவங்க எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கிட்டாங்கம்மா" என்றோம். அவள் அதை ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

விளையாட்டரங்கில் நமக்கு இரட்டை உணர்வு ஏற்பட்டது. கார்ப்பரேஷன் ஸ்டேடியம் என்று இவ்விடம் அழைக்கப்பட்ட காலத்தில், 1956 ஜனவரியில், நியூசிலாந்து அணிக்கு எதிராக வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டங்கள் சேர்த்தது இங்கேதான். டெஸ்ட் கிரிக்கெட்டில் அச்சாதனை 2008 வரை 52 ஆண்டுகள் முறியடிக்கப்படவில்லை. பின்னர் கிரிக்கெட் சேப்பாக்கத்திற்குத் திரும்பியது. 1993-இல் புதிய அரங்கம் எழுந்தது. 1995 டிசம்பரில் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள் இங்கே நடந்தன. 2022-இல் சதுரங்க ஒலிம்பியாடின் தொடக்க விழா பக்கத்திலுள்ள உள்விளையாட்டரங்கில் நடந்ததை இப்பிள்ளைகளே தொலைக்காட்சியில் பார்த்திருந்தனர். இத்தகைய இடம் ஒரு மாநகருக்குப் பெருமையே. சிற்றூர்ப் பிள்ளைகள் அந்தச் செந்நிற ஓடுதளத்தைக் கண்டு வாயடைத்து நின்றதை நாம் மறக்கமாட்டோம்.

நமது மாணவி நான்காவதாக வந்தாள். பதக்கம் இல்லை. ஆனால் அதுவரை அவள் ஓடியதில் அதுவே மிகக் குறைந்த நேரம் என்று ஆசிரியர் நிறுத்துக்கடிகாரத்தைக் காட்டி மகிழ்ந்தார். "எங்கே இவ்வளவு நன்றாகப் பழகினாய்?" என்று பக்கத்தில் இருந்த வேறொரு பள்ளி ஆசிரியை கேட்டார். "சர்ச் கிரவுண்ட்ல மிஸ். அத நாலு சுத்து சுத்துனா ஒரு கிலோமீட்டர்" என்றாள். நாம் அப்போதுதான் அதை அறிந்தோம். யாரும் அளந்து தராத திடலைத் தன் கால்களால் அவளே அளந்து வைத்திருந்தாள்.

விளையாட்டரங்கம் திறமையுள்ளோர்க்கு மேடை தருகிறது. ஆனால் திறமை இருக்கிறதா இல்லையா என்று தெரியாத வயதில், விழுந்து எழுந்து பார்க்க ஓர் இடம் வேண்டும். அரங்கத்திற்கு வாயில் உண்டு, நேரம் உண்டு, பதிவு உண்டு. அவை இருந்தே ஆக வேண்டும். திடலுக்கு அவை எதுவும் இல்லை. 'நீ யார், எதற்காக வந்தாய்?' என்று அது எவரையும் கேட்பதில்லை. பார்வையாளர் இருக்கைகளிலிருந்து பார்க்கும்போது இவ்வேறுபாடு நமக்குத் தெளிவாகப் புலப்பட்டது. அரங்கம் வந்ததனால் திடல் தேவையற்றதாகிவிடவில்லை. அரங்கத்திற்கு ஓடுவோரை அனுப்புவதே திடல்தான்.

போட்டி முடிந்தபின், பழைய பூங்காவின் எச்சமாக இன்றும் விளங்கும் மை லேடிஸ் பூங்காவுக்குச் சென்றோம். ரிப்பன் மாளிகையின் பின்புறம், பேரிரைச்சலுக்கு நடுவே, மரங்கள் அடர்ந்த ஒரு நிழற்பரப்பு. அதிலே மாநகராட்சியின் நீச்சல்குளமும் உண்டு. புல்லின்மீது ஒருவர் செய்தித்தாளை முகத்தில் மூடி உறங்கிக்கொண்டிருந்தார். மருத்துவமனைக் கோப்பு ஒன்றை மடியில் வைத்தபடி ஓர் இளம் தம்பதியர் பேசாமல் அமர்ந்திருந்தனர். நகரின் வேறெந்த இடத்திலும் அவர்கள் ஒரு கோப்பைத் தேநீரேனும் வாங்காமல் அவ்வளவு நேரம் அமர முடியாது. நமது பிள்ளைகளோ ஒரு துணிப்பையைச் சுருட்டிப் பந்தாக்கி ஆட்டத்தைத் தொடங்கிவிட்டனர்.

நாம் அமர்ந்த இருக்கையில் ஒரு முதியவர் இருந்தார். பெரியமேட்டில் தோல் மண்டியில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். பேரனை நீச்சலுக்கு அழைத்து வந்திருந்தார். நமது அங்கியைக் கண்டு, தலையசைத்து இடம் விட்டார். சிறு வயதில் இங்கே விலங்குகளைக் காணத் தம் தந்தையோடு வந்ததைச் சொன்னார். "சிங்கம் கத்துனா எங்க வீட்டு மொட்டை மாடி வரைக்கும் கேக்கும் ஃபாதர். ராத்திரி பயந்துக்கிட்டு அம்மா பக்கத்துல போய்ப் படுத்துக்குவோம்" என்று சிரித்தார். பின்பு நமது பிள்ளைகளின் துணிப்பந்தாட்டத்தைப் பார்த்தவாறே, "உங்க ஊர்ல பசங்க ஆடுறதுக்கு இடம் இருக்குங்களா?" என்று கேட்டார்.

"இருக்கிறது" என்றோம். அச்சொல்லைச் சொல்லும்போது, பெட்டியில் எழுதப்படாமல் கிடக்கும் மடல் நம் நினைவுக்கு வந்தது.

பூங்காவை நிறுவிய டிரெவிலியனைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். அவர் புனிதரல்லர். 1840-களில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சத்தால் ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் மடிந்தபோது, இலண்டன் கருவூலத் துறையில் நிவாரணப் பணிகளைக் கண்காணித்தவர் அவரே. அவருடைய கடுமையை அயர்லாந்து மக்கள் இன்றளவும் மறக்கவில்லை. அதே மனிதர் சென்னையில் புதிய வருமான வரியை வெளிப்படையாக எதிர்த்ததால் 1860-இல் திருப்பி அழைக்கப்பட்டார். ஓராண்டுக்குச் சற்று மேல் மட்டுமே அவர் இங்கே ஆண்டார். ஒரே மனிதர் ஓரிடத்தில் கணக்கை முன்வைத்து மக்களை மறந்தார். மற்றோரிடத்தில் கணக்குக்கு அடங்காத ஒன்றை மக்களுக்குத் தந்தார். பொறுப்பிலுள்ள ஒவ்வொருவரிடமும் இவ்விரு மனிதரும் குடியிருக்கின்றனர் என்றே நமக்குத் தோன்றுகிறது. சிறிய அளவில் நம்மிடமும்தான்.

திரும்பும் இரயிலில் பிள்ளைகள் உறங்கிவிட்டனர். குருமடத்தில் படித்த நாள்கள் நமக்கு நினைவுக்கு வந்தன. புனித தோமா அக்குவினார் தமது இறையியல் பெருநூலில் விளையாட்டைப் பற்றியும் எழுதியுள்ளார் என்று பேராசிரியர் சொன்னபோது வகுப்பே சிரித்தது. உடலுக்கு உறக்கம் எவ்வாறோ, உள்ளத்திற்கு விளையாட்டு அவ்வாறு என்பது அவருடைய நிலைப்பாடு. அதற்கு மூதாதையர் வழிவந்த ஒரு கதையைச் சான்று காட்டுவார். நற்செய்தியாளர் யோவான் சீடர்களோடு விளையாடுவதைக் கண்டு சிலர் இடறல்பட்டனராம். அவர்களுள் வில் வைத்திருந்த ஒருவனை அம்பெய்யச் சொன்னார் யோவான். பலமுறை எய்தபின், ஓயாமல் எய்துகொண்டே இருக்க முடியுமா என்று வினவினார். அப்படிச் செய்தால் வில் ஒடிந்துவிடும் என்றான் அவன். மனித உள்ளமும் அத்தகையதே என்றார் அவர். ஓய்வும் களிப்பும் இல்லாத வாழ்வை அக்குவினார் புண்ணியமாகப் போற்றவில்லை; மிகையைப் போலவே அதையும் குறையென்றே கருதினார்.

புனித தொன் போஸ்கோவின் வரலாறும் நினைவில் எழுந்தது. 1846-இல் தூரின் நகரில் அவர் தம் சிறுவர்களுக்காக ஒரு புல்வெளியை வாடகைக்கு எடுத்திருந்தார். நூற்றுக்கணக்கான ஏழைச் சிறுவர் அதில் ஓடியாடினர். புல்லின் வேரே பட்டுப்போகிறது என்று கூறி நில உரிமையாளர்கள் அவரை வெளியேறச் சொன்னார்கள். அவர்கள் சொன்னதும் பொய்யன்று. புல் பட்டுத்தான் போயிற்று. அந்த ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவன்று வல்தோக்கோவில் பினார்தி என்பவரின் கொட்டகையும் அதைச் சுற்றிய நிலமும் கிடைத்திராவிட்டால், அச்சிறுவர் எங்கே சென்றிருப்பர்? சலேசிய சபையின் வரலாறு, பிள்ளைகள் ஓட ஓரிடம் தேடி அலைந்த வரலாறாகவும் இருக்கிறது.

எனினும் நமது மனத்தை மிகவும் அசைத்தது லேவியர் நூலில் வரும் ஒரு கட்டளை. அறுவடைக் காலத்தில் வயலின் ஓரம்வரை முற்றிலும் அறுத்துவிடலாகாது. அந்த ஓரத்தை ஏழைக்கும் அந்நியர்க்கும் விட்டுவிட வேண்டும் என்பது அது. அந்த ஓரத்தில் விளைந்ததும் நல்ல கதிரே. அதை அறுத்து விற்று, அந்தப் பணத்தை ஏழைக்குத் தருமமாகத் தரலாமே என்று ஒருவர் வாதிடலாம். கணக்கின்படி அது சரியாகவும் இருக்கும். ஆனால் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஏழை தானே வந்து, தன் கையால், யாரிடமும் கெஞ்சாமல் எடுத்துக்கொள்ளும்படி நிலத்தையே விட்டுவைக்கச் சொல்கிறது. தருமம் பெறுபவர் கொடுப்பவரின் வாசலில் நிற்க வேண்டும். விடப்பட்ட ஓரத்திற்கு வருபவர் தம் உரிமையில் நிற்கிறார். வாடகைப் பணத்தில் கைம்பெண்களுக்கு உதவித்தொகை என்ற நமது திட்டத்தை இக்கட்டளையின் அருகில் வைத்துப் பார்த்தோம். திட்டம் தவறன்று. ஆனால் அது ஓரத்தையும் அறுத்துவிடும் திட்டம்.

ஒரு பூங்கா, ஒரு திடல், ஒரு கடற்கரை ஆகியவை நகரத்தார் அறுக்காமல் விட்டுவைத்த வயலோரங்கள். வீட்டில் கூடம் உள்ளவர்க்கும், தோட்டம் உள்ளவர்க்கும், மன்றங்களில் உறுப்பினராக இருப்பவர்க்கும் அவை இல்லாவிடினும் வாழ்வு நடக்கும். ஒற்றை அறையில் ஆறு பேர் உறங்கும் வீட்டுப் பிள்ளைக்கு அந்த ஓரம்தான் முற்றம்.

இழந்ததெல்லாம் மீளாது என்றும் நாம் எண்ணவில்லை. அதே சென்னையில் கதீட்ரல் சாலையில், உணவகம் இருந்த நிலம் மீட்கப்பட்டு 2010-இல் செம்மொழிப் பூங்காவாக மலர்ந்தது. கட்டடம் இருந்த இடத்திலும் மரம் வைக்க முடியும் என்பதற்கு அது சான்று. ஆனால் ஒரு மாநில அரசால் செய்யக்கூடியதை ஒரு சிற்றூர்ப் பங்கு செய்ய இயலாது. ஒன்றரை ஏக்கரில் கூடம் எழுந்துவிட்டால், அதைச் சுற்றி வாகன நிறுத்தம் வரும். பொருளைப் பாதுகாக்கச் சுவர் வரும். சுவருக்கு வாயிலும், வாயிலுக்குப் பூட்டும் வரும். பூட்டுக்குச் சாவி வந்ததும், அது யார் கையில் இருப்பது என்ற வழக்கு வரும். ஊர்த்தெருவுக்கும் காலனிக்கும் இடையே அந்த வழக்கு எந்த வடிவம் எடுக்கும் என்பதை இவ்வூரில் ஒன்பது ஆண்டுகளாகப் பணிபுரியும் நாம் ஓரளவு அறிவோம்.

அன்றிரவே மடலை எழுதினோம். திருமண மண்டபம் தேவையே என்று முதலில் எழுதினோம், மறைக்கவில்லை. பழைய தொடக்கப் பள்ளியின் ஓட்டுக் கட்டடம் ஆறு ஆண்டுகளாகப் பயனின்றி மூடிக் கிடக்கிறது. அதை அகற்றி அவ்விடத்தில் இருநூறு பேர் அமரத்தக்க ஓர் எளிய கூடம் கட்டலாம். அதற்கான செலவை நன்கொடையாளர் ஏற்பதாகச் சொன்ன தொகையே பெருமளவு ஈடுகட்டும். வாடகை வருவாய் குறையும். வெளியூரார் பெரிய விழாக்களுக்கு வரமாட்டார்கள். ஆனால் நம் ஏழைக் குடும்பங்களின் திருமணங்களுக்கு அது போதும். கைம்பெண்களுக்கான உதவியை அன்பியங்களின் மாதக் காணிக்கையிலிருந்து தொடங்கலாம். திடலைப் பொறுத்தவரை, நான்கு மூலையிலும் எல்லைக்கல் நட்டு, பள்ளத்தை நிரவி, மேலும் சில மரங்கள் வைத்து, வாயிலின்றி விட்டுவைக்க வேண்டும். இவையே நாம் பரிந்துரைத்தவை.

மடலை அனுப்புமுன் அப்பெரியவரை அழைத்துப் படித்துக் காட்டினோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. "நீங்க சொல்றது புரியுது சாமி. ஆனா எங்கப்பா காலத்துல இருந்து இந்தக் கோயிலுக்குப் பெருசா ஒண்ணு செஞ்சுட்டுப் போவணும்னு ஆசை" என்றார். அந்த ஆசையை நாம் எளிதாகக் கருதவில்லை. கட்டியதைக் கல்வெட்டில் எழுதலாம். கட்டாமல் காத்ததை எந்தக் கல்வெட்டில் எழுதுவது? நம்மைப் போன்ற பங்குத்தந்தையர்க்கும் இது சோதனையே. மாற்றலாகிச் செல்லும் நாளில் 'இவர் காலத்தில் இது எழுந்தது' என்று சொல்ல ஏதேனும் இருக்க வேண்டும் என்ற விருப்பம் நம்மையும் விட்டதில்லை. "உங்கள் பேரன் எங்கே விளையாடுகிறான்?" என்று மட்டும் கேட்டோம். "அவன் வேற எங்க போவான், இங்கதான்" என்று சொல்லி எழுந்து சென்றார். அவர் எப்பக்கம் வாக்களிப்பார் என்று நமக்குத் தெரியாது. பேரவையில் பெரும்பாலோர் இன்னும் பெரிய கூடத்தையே விரும்புகின்றனர். ஆயர் அவர்களும் பேரவையின் மனமறிந்தே முடிவெடுப்பார்.

வரும் ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்குப் பேரவை கூடுகிறது. வழக்கமான அறையை விடுத்து, திடலில் வேப்பமர நிழலில் நாற்காலிகளைப் போடுமாறு செயலரிடம் கூறியிருக்கிறோம். ஐந்து மணிக்குள் கூட்டத்தை முடித்துவிட வேண்டும். அதன்பின் பிள்ளைகள் வந்துவிடுவார்கள்.